எஃப்பிஐ கைரேகைச் சான்று, அமெரிக்காவுக்கு வெளியே இருந்து: தளம் நல்லது, கோட்டை விடுவது கார்டில்தான்

அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவிலோ மேற்படிப்பிலோ சில வருடம் இருந்துவிட்டு இப்போது டொரொன்டோவிலோ மெல்பர்னிலோ சென்னையிலோ இருப்பவர்களுக்கு என்றைக்காவது ஒருநாள் இந்தத் தாள் தேவைப்படும். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற வழி என்றால், 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடத்துக்குள், எந்த நாட்டிலாவது தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் அந்த நாட்டின் காவல்துறைச் சான்று வேண்டும். நம் ஆட்கள் எல்லாவற்றையும் பிசிசி (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்) என்றே சொல்வார்கள்: இந்திய பிசிசி, சிங்கப்பூர் பிசிசி, யுஎஸ் பிசிசி. இந்திய பிசிசிக்கு பாஸ்போர்ட்டும் காவல் நிலைய விசாரணையும் போதும். விரலில் மை படவேண்டியதில்லை. அமெரிக்காவிடம் அந்தக் கதை நடக்காது. பத்து விரல் ரேகையையும் அனுப்பினால்தான் எஃப்பிஐ தேடிப் பார்க்கும். தேடிப் பார்த்துத் தருகிற தாளுக்கு அடையாள வரலாற்றுச் சுருக்கம் என்று பெயர். கட்டணம் 18 டாலர்.

அந்த 18 டாலருக்குக் கிடைக்கும் சேவைக்கு ஐந்தில் நான்கரை தாராளமாகக் கொடுக்கலாம். ஓர் அரசு அலுவலகத்துக்கு இவ்வளவு மதிப்பெண் கொடுப்பது அபூர்வம்தான். விண்ணப்பம் ஆன்லைனில், பணம் ஆன்லைனில், முடிவும் ஆன்லைனில். நடுவே ஒரே ஒரு பொருள் மட்டும் கடல் தாண்டிப் போகவேண்டும்: விரல்களை உருட்டி எடுத்த அட்டை. தாமதமும் நிராகரிப்பும் மறுபடி கூரியர் செலவும் எல்லாம் அந்த அட்டையிலிருந்துதான் கிளம்புகின்றன. ஆகவே தளத்தைப் பற்றிச் சுருக்கமாகவும் அட்டையைப் பற்றி விரிவாகவும் பார்ப்போம்.

முதலில் ஏஜென்ட் விஷயம்

கூகுளில் தேடினால் முதலில் கண்ணில் படுவது சேனலர் எனப்படும் நிறுவனங்கள். எஃப்பிஐயே அங்கீகரித்த தனியார் நிறுவனங்கள் இவை; கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு விரைவாக முடிவை வாங்கித் தருவார்கள். ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: அமெரிக்கக் குடிமக்களும் சட்டப்படியான நிரந்தரவாசிகளும் மட்டுமே சேனலர் வழியாகப் போகலாம். எச்-1பி, எஃப்-1, எல்-1, எச்-4 என்று தற்காலிக விசாவில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கும் அப்படித்தான். பணம் கட்டியபின் இது தெரியவந்து திரும்பக் கேட்டு அலைகிறவர்கள் நிறையப் பேர்.

கனடாவிலும் இந்தியாவிலும் 'எஃப்பிஐ கிளியரன்ஸ் செய்து தருகிறோம்' என்று பலகை மாட்டியவர்களில் பெரும்பாலோர் செய்வது இவ்வளவுதான்: அட்டையில் ரேகை எடுப்பார்கள், படிவம் நிரப்புவார்கள், கூரியர் போடுவார்கள். ரேகை எடுக்கத் தெரிந்த கை என்றால் அந்த வேலைக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. படிவம் நிரப்பவும் கூரியர் போடவும் தனித்தனியாகக் கேட்டால் அது வீண் செலவு. உள்ளே போனதும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "என் அட்டையை என் கையிலேயே கொடுத்துவிடுவீர்களா?" ஆம் என்றால் உட்காருங்கள்.

தளத்தில் செய்யவேண்டியது

எஃப்பிஐயின் குற்றவியல் நீதித் தகவல் பிரிவு (சிஜேஐஎஸ்) நடத்தும் மின் விண்ணப்பத் தளம் இது. முகவரி டாட் கவ் என்று முடிகிறதா என்று பாருங்கள். டாட் காம் என்று முடிவதெல்லாம் இடைத்தரகர்கள். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் ஒரு இணைப்பும் பின் எண்ணும் வரும். அதில் நுழைந்து பெயர், பிறந்த தேதி, முகவரி, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை நிரப்பி, கார்டில் பணம் கட்டவேண்டும். இந்திய வங்கி அட்டையாக இருந்தால் முன்கூட்டியே வங்கிச் செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவையுங்கள். கட்டணம் ஏறாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முடிவைத் தபாலிலும் வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். அமெரிக்காவின் சாதாரண முதல் வகுப்புத் தபாலில்தான் அனுப்புவார்கள், பின்தொடரும் எண் கிடையாது. கனடா பிஆருக்கு, அதாவது நிரந்தரவாச விண்ணப்பத்துக்கு, மின்பிரதியே போதும்.

பணம் ஏறியதும் ஆர்டர் எண்ணோடு ஒரு மின்னஞ்சல் வரும். அதை அச்செடுத்து வையுங்கள். அட்டையோடு உறைக்குள் போகவேண்டிய தாள் அது. அது இல்லாமல் போன அட்டையை எந்த விண்ணப்பத்தோடு சேர்ப்பது என்று அங்கே ஒருவர் குழம்பிக்கொண்டிருப்பார்.

ஆன்லைனில் போகாமல், எல்லாவற்றையும் தாளில் நிரப்பித் தபாலில் அனுப்பும் பழைய வழியும் இன்னும் இருக்கிறது. அதே 18 டாலர்தான். அந்த வழியில் வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஆன்லைன் வழியில் அட்டை போய்ச் சேர்ந்தபின் நாள்கணக்கில் முடிகிறது. வெளிநாட்டிலிருந்து பழைய வழியைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் இல்லை.

அமெரிக்காவுக்குள்ளேயே இருந்தால் அட்டையே வேண்டாம். ஆன்லைனில் பணம் கட்டிவிட்டு, இந்தச் சேவை இருக்கும் தபால் நிலையம் ஒன்றில் விரலை இயந்திரத்தில் வைத்தால் நேராகப் போய்விடும். அதற்குத் தபால் துறை தனியாகச் சுமார் 50 டாலர் வாங்குகிறது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்து, விண்ட்சரிலோ நயாகராவிலோ குடியிருப்பவர்களுக்கு எல்லை தாண்டி ஒரு நடை போய் வருவது கூரியரைவிட லாபம். எல்லாத் தபால் நிலையத்திலும் இந்த வசதி இல்லை. பட்டியலைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

விரல் யாரிடம் கொடுப்பது

கனடாவில் இருப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. பெரிய ஊர்கள் எல்லாவற்றிலும் தனியார் கைரேகை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே போய்ச் சொல்லும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. "போலீஸ் சான்றுக்குக் கைரேகை வேண்டும்" என்று மட்டும் சொன்னால், கனடாவின் மத்தியக் காவல்துறையான ஆர்சிஎம்பிக்கு மின்வழியாக அனுப்பிவிட்டு ரசீது கொடுத்துவிடுவார்கள். அது கனடாவின் சான்று; எஃப்பிஐக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "எஃப்டி-258 அட்டையில் அச்செடுத்துக் கையில் கொடுங்கள்" என்று எஃப்பிஐ கைரேகை அட்டையின் படிவ எண்ணைச் சொல்லியே கேட்கவேண்டும். கண்ணாடியில் விரல் வைத்து எடுக்கும் இயந்திரம் இருக்கும் இடத்தில், ரேகை தெளிவாக விழுந்ததா என்று திரையிலேயே பார்த்து, சரியில்லாத விரலை மட்டும் மறுபடி எடுக்கலாம். பிறகு அட்டையில் அச்சாகி வரும். மையைவிட இது மேல். குடியேற்றத் துறைக்கு ஏற்கெனவே கொடுத்த பயோமெட்ரிக்ஸ் இதற்கு ஆகுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது.

இந்தியாவில் இருப்பவர்கள் பாடு கொஞ்சம் கஷ்டம். அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எடுத்துக் கொடுப்பார்கள் என்று நம்பிக் கிளம்பவேண்டாம். எல்லாத் தூதரகத்திலும் அந்தச் சேவை கிடையாது, இணையத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு போகவேண்டும். காவல்துறையின் விரல்ரேகைப் பிரிவில் இருப்பவர்கள் உருட்டி எடுப்பதில் கைதேர்ந்தவர்கள். ஆனால் தனிநபருக்கு எடுத்துத் தருவார்களா என்பது அலுவலருக்கு அலுவலர் மாறும். கடிதம், பாஸ்போர்ட் நகல், நிரப்பிய அட்டை மூன்றையும் கொண்டுபோய்க் கேட்பதுதான் முறை. காவலர்தான் எடுக்கவேண்டும் என்ற கட்டாயத்தை எஃப்பிஐ வைக்கவில்லை. ரேகை எடுக்கப் பயிற்சி உள்ளவர் எடுத்தால் நல்லது என்கிறது, அவ்வளவுதான். எடுத்தவர் கையெழுத்துக்கும் தேதிக்கும் அட்டையில் இடம் இருக்கிறது. அதைக் காலியாக விடாதீர்கள்.

(இன்று உலகம் முழுக்க விரல் உருட்டும் இந்தக் கலைக்கான முதல் அலுவலகங்களில் ஒன்று கல்கத்தாவில் 1897-இல் திறந்தது. ஹென்றி முறை என்று ஆங்கிலேய அதிகாரி பெயரில் வழங்கும் வகைப்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு உதவி ஆய்வாளர்கள். நாம் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு நாமே ஆள் தேடி அலைகிறோம்.)

அட்டை

எஃப்டி-258 என்பது எட்டு அங்குலச் சதுர அட்டை. கடையில் கிடைக்காவிட்டால் எஃப்டி-1164 என்ற படிவத்தை எஃப்பிஐ தளத்திலிருந்து இறக்கி வெள்ளைத் தாளில் அச்செடுக்கலாம், அதையும் ஏற்றுக்கொள்கிறார்கள். நம் ஊர் ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் அடிக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு தானாக இருக்கும். அதை எடுத்துவிட்டு நூறு சதவீத அளவில் அடிக்கச் சொல்லுங்கள். பெட்டி சுருங்கினால் உருட்டிய கட்டைவிரல் பக்கத்துப் பெட்டிக்குள் ஏறிவிடும். தாள் கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும். மெல்லிய தாளில் மை ஊறிப் பரவும். நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள்.

மேல் வரிசையில் ஐந்து பெட்டி வலது கைக்கு: கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிர, சுண்டு விரல். அடுத்த வரிசை அதே ஒழுங்கில் இடது கைக்கு. இந்தப் பத்தும் உருட்டி எடுப்பவை. கடைசி வரிசையில் இடது கை நான்கு விரல் சேர்ந்தாற்போல், இடது கட்டைவிரல், வலது கட்டைவிரல், வலது கை நான்கு விரல். இவற்றை உருட்டக் கூடாது. அப்படியே அழுத்தி எடுக்கவேண்டும். மேலே உருட்டியவை அந்தந்தப் பெட்டியில்தான் இருக்கின்றனவா என்பதைக் கீழ்வரிசையோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்கிறார்கள். ஆகவே மேலே இரண்டு விரல் இடம் மாறினாலும், ஒரே விரலை இரண்டு பெட்டியில் பதித்தாலும் கண்டுபிடித்துத் திருப்பிவிடுவார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் மோதிர விரலிலும் நடுவிரலிலும்தான். பேச்சு சுவாரசியத்தில் எடுப்பவர் ஒரு விரல் தாண்டிவிடுவார். நீங்களே எண்ணிக்கொண்டிருங்கள்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் கட்டைவிரலை மைப்பெட்டியில் ஒற்றி எடுத்துத் தாளில் வைப்பார்களே, அந்த ஒற்றல் இங்கே செல்லாது. ரேகையின் நடுச்சுழி மட்டும் விழுந்தால் போதாது. பெரும்பாலான ரேகைகளில் ஒரு ஓரத்திலோ இரண்டு ஓரத்திலுமோ மேடுகள் மூன்று பக்கமாகப் பிரிகிற முக்கோண இடம் உண்டு, டெல்டா என்பார்கள். அதுவும் விழவேண்டும். அதற்காகத்தான் நகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை உருட்டுவது.

ஒரு விரல் எப்படிப் போகவேண்டும் என்று பாருங்கள். அட்டை மேசை விளிம்பில் நகராமல் இருக்கிறது. மேசை இடுப்புக்குச் சற்று மேல் உயரம். கண்ணாடித் துண்டில் கறுப்பு அச்சு மையை ரோலரால் தேய்த்து, கண்ணாடி மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிய படலமாக்கியிருக்கிறார்கள். வலது கட்டைவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை அதில் உருட்டி மை ஏற்றுகிறார் எடுப்பவர். பிறகு அதே விரலை அட்டையில் நகத்தின் ஓரம் படும்படி நிறுத்தி, உடம்பை நோக்கி ஒரே வீச்சில் உருட்டி, மறு ஓரம் வந்ததும் தூக்கிவிடுகிறார். திரும்பி வரக் கூடாது. திரும்பினால் கோட்டின் மேல் கோடு விழும். கட்டைவிரல் இரண்டும் உடம்பை நோக்கி, மற்ற எட்டும் உடம்பை விட்டு விலகி. கையை இயல்பாக முறுக்கிலிருந்து விடுபடும் திசையில் போகவிடுகிறார்கள்; அப்போதுதான் நடுவில் உதறாது. உங்கள் வேலை, உதவி செய்யாமல் இருப்பது. கையைத் தளர்த்தி, அட்டையைப் பார்க்காமல், வேறெங்காவது பாருங்கள். தானாக அழுத்துகிறவர்கள் விரல்தான் வழுக்கிக் கறையாகும்.

பெட்டியில் விழுந்தது சரியா என்று பார்க்க உருப்பெருக்கி தேவையில்லை, இருந்தால் நல்லது. சரியாக விழுந்தது கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும், மேடுகள் கறுப்பாகவும் இடைவெளி வெள்ளையாகவும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். முட்டை வடிவத்தில் ஒல்லியாக இருந்தால் உருட்டவில்லை, ஒற்றியிருக்கிறார்கள். கரித்துண்டு போல் இருந்தால் மை அதிகம். சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டு இருந்தால் மை குறைவு, அல்லது விரல் உலர்ந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் இழுபட்டிருந்தால் வழுக்கியிருக்கிறது. ரப்பர் ஸ்டாம்ப் மை எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். நீர்த்த மை, நாலு நாளில் தாளில் பரவிக் கோடுகளை மூடும்.

ஒரு பெட்டி கெட்டால் அட்டையையே தூக்கிப் போடவேண்டியதில்லை. ஒட்டுத்தாள் ஒன்று இருக்கிறது. நல்ல பதிவை அதில் எடுத்து அதே பெட்டியின் மேல் ஒட்டலாம். ஒரு பெட்டிக்கு இரண்டுக்கு மேல் ஒட்டக் கூடாது. வெள்ளைத் திரவம் பூசித் திருத்துவது வேண்டாம். விரல் இல்லை என்றால் அந்தப் பெட்டியைச் சும்மா விடாமல், துண்டிக்கப்பட்டது என்று எழுதவேண்டும்.

தேய்ந்த விரல்கள்

ரேஷன் கடையில் 'ரேகை விழவில்லை, மறுபடி வை' என்று கேட்ட விரல்கள் இங்கேயும் தகராறு செய்யும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, சிமென்ட், பினாயில் இவற்றோடு தினமும் புழங்கும் கை, வயதானவர்கள் கை, அரிப்புத் தடிப்பு உள்ள கை. வீணையோ கிட்டாரோ தினம் சாதகம் செய்பவர்களுக்குத் தந்தி அழுத்தும் விரல் நுனி காய்த்து ரேகை மூடியிருக்கும். கேப்சைட்டபின் என்ற புற்றுநோய் மாத்திரை எடுப்பவர்களுக்கு உள்ளங்கையும் விரலும் உரிந்து ரேகையே மங்கிப்போவதுண்டு. அப்படியானால் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே பாத்திரம் கழுவுவதைக் கையுறை போட்டுச் செய்யுங்கள், அல்லது வீட்டில் வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள். இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. இரவில் தேங்காய் எண்ணெயோ ஏதேனும் களிம்போ தடவிப் படுக்கலாம். எடுக்கும் அன்று மட்டும் எண்ணெய் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைக்கவேண்டும். கனடாவில் ஜனவரி, பிப்ரவரியில் விரல் நுனி வெடித்திருக்கும். முடிந்தால் குளிர் தணிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இதற்கு நேர்மாறு: வியர்வை. ஒவ்வொரு விரலையும் ஸ்பிரிட்டில் துடைத்து, அடுத்த நொடியே மை ஏற்றி உருட்டவேண்டும். பத்தையும் ஒன்றாகத் துடைத்துவிட்டு ஆரம்பித்தால் நான்காவது விரலில் வியர்த்துவிடும்.

எப்படிப்பட்ட விரலானாலும் ஒரே அட்டையோடு நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று அட்டை எடுத்து அனைத்தையும் ஒரே உறையில் அனுப்பலாம். ஒன்றில் மங்கிய விரல் இன்னொன்றில் தெளிவாக இருக்கும். ஓர் அட்டைக்குக் கூடுதலாக ஆவது பத்து நிமிடம். நிராகரித்துத் திருப்பினால் போவது ஒரு மாதம்.

எழுத்துப் பெட்டிகளில் நம்மவர் சறுக்கும் இடம்

தேதி அமெரிக்க வரிசையில்: மாதம், நாள், வருடம். மார்ச் 7-ஆம் தேதி பிறந்தவர் ஜூலை 3-க்குப் போய்விடுவது இங்கேதான். உயரம் அடி அங்குலத்தில், மூன்று இலக்கமாக: ஐந்தடி எட்டு அங்குலம் என்றால் 508. எடை பவுண்டில், கிலோவை 2.2-ஆல் பெருக்குங்கள். கண்ணுக்கும் முடிக்கும் மூன்றெழுத்துக் குறிகள் உண்டு: பழுப்புக் கண்ணுக்கு பிஆர்ஓ, கறுப்பு முடிக்கு பிஎல்கே, வழுக்கைக்கு பிஏஎல். இனம் என்ற பெட்டியில் ஐ என்று போட்டுவிடாதீர்கள். 'இந்தியன்' என்று நினைத்துப் போடுகிற அந்த எழுத்து அமெரிக்கப் பழங்குடியினருக்கு உரியது. நமக்கு ஏ, ஆசியர்.

பெயர்தான் பெரிய தலைவலி. நம் பாஸ்போர்ட்டுகளில் பலருக்குக் குடும்பப் பெயர்ப் பெட்டி காலி; முழுப் பெயரும் இயற்பெயர்ப் பெட்டியில் கிடக்கும். அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக மாற்றி, இயற்பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அச்சிட்டிருப்பார்கள். இயற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கி எல்லாவற்றிலும் அந்த எஃப்என்யு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். எஃப்பிஐ தேடுவது விரலை வைத்துத்தான், பெயரை வைத்தல்ல. ஆகவே பெயரால் தேடல் கெடாது. ஆனால் முடிவுத் தாளில் அச்சாகும் பெயரைக் கனடாக்காரர்கள் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இப்போதைய பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரை ஆன்லைன் படிவத்திலும் அட்டையிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி எழுதுங்கள். எஃப்என்யு வடிவத்தையும், கல்யாணத்துக்கு முன்பிருந்த பெயரையும், இனிஷியல் விரித்த பெயரையும் 'வேறு பெயர்கள்' என்ற பெட்டியில் போடுங்கள். ஒரு படிவத்தில் அப்பா பெயர் முன்னும் இன்னொன்றில் பின்னுமாக இருந்தால் பிறகு விளக்கக் கடிதம் எழுதவேண்டிவரும்.

அனுப்புவது, காத்திருப்பது

அட்டையை மடிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் அட்டைத் துண்டு வைத்து, ஆர்டர் எண்ணுள்ள மின்னஞ்சல் பிரதியோடு, மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க், 1000 கஸ்டர் ஹாலோ ரோடு, அஞ்சல் குறியீடு 26306 என்ற முகவரிக்குப் போகவேண்டும். உறைமேல் மின் விண்ணப்பம் என்ற குறிப்பும் இருக்கவேண்டும். மின்னஞ்சலிலேயே அந்த வாசகம் இருக்கும், அப்படியே ஆங்கிலத்தில் எழுதுங்கள். பின்தொடரும் எண் உள்ள சேவையாக இருக்கட்டும். 18 டாலர் சான்றுக்கு அதைவிட அதிகமாகக் கூரியருக்கு அழவேண்டியிருக்கிறது என்பதுதான் இந்தச் சேவையில் அரை மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம். வெளிநாட்டுத் தனியார் நிலையங்கள் நேராக மின்வழியில் எஃப்பிஐக்கு அனுப்ப வழி இருந்தால் முழு மதிப்பெண்ணும் கொடுத்திருக்கலாம்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தபின் 60 நாள்தான் அவகாசம். அழைப்பு வரட்டும் என்று காத்திருக்கிறவர்கள்தான் கடைசி வாரத்தில் நகம் கடிக்கிறார்கள். இப்போது குடியிருக்காத நாட்டின் சான்று, அங்கிருந்து கடைசியாக வந்த பிறகு வாங்கியதாக இருந்தால் போதும் என்பதுதான் கனடாவின் விதி. அமெரிக்காவைவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டவர் அழைப்புக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம். பழசு என்று தள்ள மாட்டார்கள். இன்னமும் அமெரிக்காவிலேயே இருந்து விண்ணப்பிக்கிறவருக்கு இது பொருந்தாது: அவருடையது விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்கவேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு, வாங்கிய தேதியிலிருந்து 12 மாதம்.

கனடாவைவிட்டு வெளியேறியவர்கள் ஆர்சிஎம்பி சான்று வாங்குவதோடு ஒப்பிட்டால் எஃப்பிஐ எளிது என்றே தோன்றும். 2014 ஜூலைக்குப் பிறகு ஆர்சிஎம்பி தாள் ரேகையை நேரடியாக வாங்குவதில்லை. சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவர் மையில் எடுத்த தாளைக் கனடாவில் உள்ள அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி, அவர்கள் அதை மின்வடிவமாக்கி உள்ளே செலுத்தவேண்டும். அரசுக் கட்டணம் 25 கனடா டாலர். நிறுவனத்தின் கூலி அதற்குமேல். உருட்டும் முறையெல்லாம் மேலே சொன்னதேதான், படிவம் மட்டும் சி-216சி.

சில நாடுகள் எஃப்பிஐ தாளில் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லும்படி ஆவணத்தை உறுதிசெய்யும் முத்திரை) கேட்கும். வேலைக்காகத் தென்கொரியா, ஸ்பெயின் போகிறவர்களுக்கு இது வரும். கூட்டாட்சி ஆவணம் என்பதால் வாஷிங்டனில் உள்ள வெளியுறவுத் துறைதான் குத்தவேண்டும், மாநில அலுவலகம் அல்ல. ஓர் ஆவணத்துக்கு 20 டாலர். கனடா பிஆருக்கு இது வேண்டியதில்லை. தரகர் அதையும் சேர்த்து விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

முடிவு தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு வரும். விண்ணப்பித்தபோது வந்த பின் எண் இல்லாமல் திறக்காது. பலர் அந்த முதல் மின்னஞ்சலைத்தான் அழித்திருப்பார்கள். கைது எதுவும் இல்லாதவருக்கு ஒரே வாக்கியம்: அளித்த கைரேகையைத் தேடியதில் முந்தைய கைதுத் தகவல் எதுவும் எஃப்பிஐயிடம் இல்லை. இது நன்னடத்தைச் சான்று கிடையாது, அந்தப் பெயரில் தேடாதீர்கள். வேகமாக ஓட்டி வாங்கிய டிக்கெட் இதில் வராது. கைது செய்து விரல் எடுத்திருந்தால், வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் வரலாம். கடைத் திருட்டுப் புகார், குடித்துவிட்டு ஓட்டியது, வீட்டுச் சண்டையில் போலீஸ் வந்து அழைத்துப்போனது எல்லாம் இதில் சேரும். தீர்ப்பு என்ன ஆனது என்ற விவரம் இல்லாமல் கைது மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால், அந்த நீதிமன்றத்திலிருந்து சான்றளித்த தீர்ப்பு நகலை வாங்கிச் சேர்த்து அனுப்புங்கள். பதிவே தவறு என்றால் எஃப்பிஐயிடம் மறுப்புத் தெரிவிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

கோப்பை வந்த அன்றே இறக்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள். முதல் பக்கம் கடிதம், அடுத்ததில்தான் முடிவு இருக்கும். கடிதத்தை மட்டும் பதிவேற்றிவிட்டு 'முழுமையற்ற விண்ணப்பம்' என்று திருப்பி வாங்கியவர்கள் உண்டு. எல்லாப் பக்கமும் ஒரே பிடிஎஃப்பாகப் போகட்டும். விரலில் ஒட்டிய அச்சு மை சோப்புக்கு மசியாது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து, பழைய துணியில் துடைத்தபின் கழுவுங்கள்.